பிரகதாம்பாள் பார்த்த வீடுகள்

பிரகதாம்பாள் நடமாட்டத்தை இழந்தது ஒரு மழைநாளில். திருக்கோகர்ணத்துக்குப் பக்கத்தில் அங்கன்வாடி ஊழியராக இருந்தாள். மையத்தின் வாசலில் பாசி பிடித்திருந்த சிமெண்டுத் தரையில் வழுக்கி மல்லாந்து விழுந்தாள். முதுகெலும்பில் அடி. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தாள், இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

அவளும் கணவர் திருப்பதியும் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். வெளிப்பக்கமாக ஏறும் குறுகலான படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று திருப்பதியும் ஒரு ஆட்டோக்காரரும் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்து நின்றுவிட்டது. யாராலும் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதன் பிறகு டாக்டரிடம் போகும் நாள் தவிர அவள் கீழே இறங்கியதில்லை.

தரைத்தளத்தில் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தார் திருப்பதி. அந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்காரர்கள் கீழே இருந்துகொண்டு மாடியைத்தான் வாடகைக்கு விடுவார்கள். கீழ்வீடு காலியாக இருந்த ஓரிரு இடங்களிலும், படுக்கையில் இருக்கும் ஆள் வரப்போகிறார் என்று தெரிந்ததும் சொந்தக்காரர் யாரோ வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கீரமங்கலத்தில் திருப்பதியின் பங்குக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. கஜா புயலில் மரமெல்லாம் சாய்ந்த பிறகு அது வெறும் மண்ணாகக் கிடந்தது. அதை விற்று டவுனிலேயே சின்னதாக ஒரு வீடு வாங்கிவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

திருப்பதி தனியார் பஸ் ஓட்டுநர். விடியும் முன் போனால் இருட்டித்தான் திரும்புவார். அதனால் வீடு தேடும் வேலை பிரகதாம்பாளுடையதாயிற்று. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் இளமதி, வீடு விற்றுத்தரும் நிறுவனங்களின் இணையதளங்களை அம்மாவின் போனில் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பகல் முழுக்க அவள் வீடு பார்த்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துப் பதினைந்து படங்கள். வளைவு வைத்த முகப்பு, பளபளக்கும் அடுப்படி, பூஜையறை, கூரையில் பதித்த விளக்குகள். வாஸ்துப்படி கட்டியது என்று எழுதியிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டு ஐந்தே நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். அது எவ்வளவு பொய் என்று பஸ் ஓட்டுநர் மனைவிக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது வேறு. வாசலில் படி இருக்கிறதா? பாத்ரூம் கதவுக்குள் வீல்சேர் நுழையுமா? அறைக்கும் ஹாலுக்கும் நடுவே நிலைப்படி தடுக்குமா? படுத்தபடியே வெளியே பார்க்க ஒரு ஜன்னல் உண்டா? பாத்ரூம் படத்தில் டைல்ஸ் தெரியும், குழாய் தெரியும். கதவு மட்டும் எந்தப் படத்திலும் தெரியாது.

ஒரு நாள் இணையதளம் ஒன்றில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். எடுத்தது ஷர்லி. ஆவூர்ப் பெண், வீடுகளைப் படமெடுத்துத் தளத்தில் ஏற்றுவது அவள் வேலை. வாசலில் படி உண்டா, பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம் என்று பிரகதாம்பாள் அவளிடம் கேட்டாள்.

“இதுவரைக்கும் யாரும் இதக் கேட்டதில்லக்கா. கார் நிக்குமா, கிச்சன் பெருசான்னுதான் கேப்பாங்க. இனிமே போற வீட்டுல அளந்துட்டு வந்து ஒங்களுக்குச் சொல்றேன்.”

சொன்னபடி செய்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலையும் பாத்ரூம் கதவையும் தனியாக வீடியோ எடுத்து அனுப்பினாள். ஒன்றும் தோதாக அமையவில்லை. ஆனாலும் அந்த வீடியோக்கள் வரும் நாட்களில் பிரகதாம்பாள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று திருப்பதி பிற்பாடு சொன்னார்.

ஷர்லி விடுப்பில் இருந்தபோது வேறொருவர் ஒரு வீட்டை ஏற்றியிருந்தார். வயதானவர்களுக்கு ஏற்ற தரைத்தள வீடு என்று குறிப்பு. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். பிரகதாம்பாள் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. கட்டிலை எங்கே போடுவது என்று கூட யோசித்து வைத்துவிட்டாள். ஷர்லி வரட்டும் என்று திருப்பதி சொன்னார். அதற்குள் வேறு யாராவது முடித்துவிடுவார்கள் என்று அவள் கேட்கவில்லை. தானே நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டாள். ஆள் வைத்துத் தூக்கி இறக்கி, வாடகைக் காரில் போனார்கள். தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும் என்பதால் அந்த வீட்டை உயரமான மேடையில் கட்டியிருந்தார்கள். வாசலில் செங்குத்தாகப் படிகள். படத்தில் அவற்றை மறைத்துப் பூந்தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள். படி முடியும் இடத்திலேயே தெரு தொடங்கியது. சரிவாகப் பாதை போட இடமே இல்லை.

தூக்கிக்கொண்டு போய்விடலாம், ரெண்டு நிமிட வேலைதான் என்றார் நிறுவனத்து ஆள். திருப்பதி மனைவியைப் பார்த்தார்.

“வேணாங்க. நீங்க போயிப் பாத்துட்டு வாங்க,” என்றாள்.

அவர் உள்ளே போய்விட்டு உடனே திரும்பி வந்தார். அவள் காரிலிருந்தே கேட்டாள்.

“மரம் தெரியுதா?”

“தெரியுது.”

தலையாட்டினாள். கார் கிளம்பியதும், உடனே வீட்டுக்குப் போக வேண்டாம், கொஞ்ச நேரம் அங்கிட்டு இங்கிட்டு சுத்திட்டுப் போவோம் என்றாள். கோயில் வீதி, கீழ ராஜ வீதி, பஸ் ஸ்டாண்டு என்று சுற்றினார்கள். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வெயில் ஏறியதும் தானாகவே, போகலாம் என்றாள்.

அதன் பிறகு அவள் வீடு பார்க்கவில்லை. ஷர்லி அனுப்பிய வீடியோக்கள் திறக்கப்படாமல் கிடந்தன. படுக்கைப் புண் வந்து ஆழமாயிற்று, காய்ச்சல் விடவில்லை. கார்த்திகையில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள். உடலை மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்று திருப்பதி சொல்லிவிட்டார். கீழ்வீட்டுக்காரர் தம் முன்கூடத்தை ஒழித்துக் கொடுத்தார். அந்த வீட்டின் தரைத்தளத்தில் அவள் இருந்தது அன்று ஒரு நாள்தான்.

தை பிறந்த பிறகு பிரகதாம்பாளின் போன் அடித்தது. திருப்பதி எடுத்தார். ஷர்லி மூச்சு விடாமல் பேசினாள். ஒரு வீடு வந்திருக்கிறது. நடக்க முடியாத தன் அப்பாவுக்காக ஒருவர் கட்டியது. வாசலில் சரிவுப் பாதை உண்டு, பாத்ரூம் கதவு அகலம். திருப்பதி முழுவதையும் கேட்டார்.

“அக்காகிட்டக் குடுங்கண்ணே, நானே சொல்றேன்,” என்றாள்.

“அவ போயிட்டாம்மா,” என்றார். அவரே மறுபடியும் பேசினார். “வீட்ட நான் வந்து பாக்கலாமா?”

மறுநாள் போனார். ஷர்லி கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அவர் சரிவுப் பாதையில் மெல்ல ஏறி, ஒவ்வொரு அறையாகப் போனார். படுக்கையறையில், படுத்திருப்பவர் கண் உயரத்துக்குக் குனிந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

“இருந்தாலும் அவளுக்குப் புடிச்சிருக்கும்,” என்றார். ஷர்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அந்த வீட்டை வேறொருவர் வாங்கினார். ஷர்லி சில மாதங்கள் எல்லா வீட்டுக்கும் வாசல், கதவு வீடியோக்களைத் தளத்தில் சேர்த்தாள். குறையைக் காட்டி வியாபாரத்தைக் கெடுக்க வேண்டாம் என்று முதலாளி நீக்கச் சொன்னார். நீக்கிவிட்டாள். இளமதி ஓசூருக்கு வரச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் பிறகு பார்க்கலாம் என்கிறார். பஸ் ஓட்டாத நாட்களில் அவர் மாடியை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை.