தில்லையடியில் எஞ்சினை நிறுத்திய மீராசாகிபு

நானா என்று எல்லாரும் கூப்பிடும் மீராசாகிபுவை நான் முதன்முதலில் கண்டது புளியங்குளத்துப் பப்பாசிக் கொட்டிலில். லொறியின் மிதிபலகையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே பூட்டியிருந்த நீலப் பெட்டி ஒன்றை ஏசிக்கொண்டிருந்தார். பெட்டி பதில் சொல்லவில்லை. அதன் நெற்றியில் ஒரு சிவப்பு லைற் மட்டும் எரிந்தது.

"பொலிஸ் மறிச்சது, ஆமி மறிச்சது, இயக்கமும் மறிச்சது. அவங்களிட்டயாவது என்னத்துக்கு மறிக்கிறியள் எண்டு கேக்கலாம். இந்தச் சனியனுக்கு வாயும் இல்ல."

"மெல்லமாக் கதையுங்கோ நானா, அதுக்குக் காது இருக்காம்" என்றார் அப்புத்துரை. அந்தக் கொட்டிலுக்குப் பழம் கொடுக்கும் தோட்டக்காரர்களுக்கு அவர்தான் தலைவர். கூடை சுமந்தவர்கள் சிரித்தார்கள். மீராசாகிபு சிரிக்கவில்லை.

பெட்டியின் கதை இதுதான். புளியங்குளத்துப் பப்பாசி கட்டுநாயக்கவில் பொதியாகி விமானம் ஏறுகிறது. அதை வாங்கும் வெளிநாட்டுக்காரருக்குப் பழம் இனித்தால் மட்டும் இப்போது போதாது. தோட்டத்திலிருந்து வந்த வழியில் லொறி எவ்வளவு புகை கக்கியது என்றும் தெரிய வேண்டும். பூமி சூடேறுகிறது, தூர ஓட்ட லொறிகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பொய்யில்லை. ஆகவே பழத்தை அனுப்பும் கொம்பனி தனக்கு வாடகை ஹயருக்கு ஓடும் லொறிகள் எல்லாவற்றிலும் பெட்டி பூட்டியது. எரிந்த டீசல், ஓடிய வேகம், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிய நேரம் எல்லாவற்றையும் அது எண்ணும். மாத முடிவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் வரும். மூன்றாவது சிவப்போடு ஹயர் முடிந்தது. அதே பழம் ஆகாயத்தில் பறந்துபோகும்போது கக்கும் புகைக்கு யாரும் பெட்டி பூட்டியதாகத் தகவல் இல்லை.

மீராசாகிபுவுக்கு அன்று விழுந்திருந்தது முதலாவது சிவப்பு.

அவர் முல்லைத்தீவு நீராவிப்பிட்டிக்காரர். இளவயதிலேயே லொறி ஏறியவர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது லொறியையும் வளவையும் விட்டுவிட்டு, மனைவி ஜொஹறாவோடும் கைக்குழந்தை அர்ஷாக்கோடும் புத்தளம் போய்ச் சேர்ந்தார். தில்லையடியில் ஓலைக்குடிசை, பிறகு கல்வீடு, பிறகு இந்தப் பழைய ஜப்பான் லொறி. யுத்தம் முடிந்ததும், பிள்ளைகள் வேண்டாம் என்று மறிக்க மறிக்க, ஜொஹறாவைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். வளவு காடாகிக் கிடந்தது. வெட்டித் துப்புரவாக்கிக் குடியேறினார். வயல் இல்லை, கடை இல்லை. அவரை அங்கே இருக்கவிட்டது பப்பாசி ஹயர் ஒன்றுதான். அது போனால் அர்ஷாக் வந்து கையைப் பிடித்துப் புத்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான். மறுத்துச் சொல்ல வாயில் ஒரு நியாயமும் மிஞ்சாது.

கொம்பனியின் கள உத்தியோகத்தர் யதுர்ஷிகா. வவுனியாவில் சுற்றாடல் விஞ்ஞானம் படித்தவள், அவளுடைய குடும்பத்தில் முதற் பட்டதாரி. அப்படிப் படித்து வருகிறவர்களுக்கு ஒரு வீறாப்பு உண்டு. படித்ததை வீணாக விட மனம் வராது. அதில் ஒரு குற்றமும் இல்லை. பெட்டியைக் கொண்டுவந்தவள் அவள்தான் என்பதால் ஏச்சில் பாதி அவளுக்கும் விழுந்தது.

"நானா, ஏத்துற நேரம் எஞ்சினை நிப்பாட்டுங்கோ. சும்மா நிண்டு எரியிறதுதான் உங்களுக்குச் சிவப்பு."

"ஏத்தின லொறியை நிப்பாட்டக் கூடாது, பிள்ளை."

"ஏன்?"

"நிப்பாட்டினா நிண்டிரும்."

சமாதான காலத்தில் புத்தளத்திலிருந்து சாமான் ஏற்றி ஓமந்தைச் சோதனைச் சாவடியால் வந்துபோனபோது பிடித்த பழக்கம் அது. ஒருமுறை அங்கே நிறுத்திய எஞ்சின் மறுபடி பிடிக்கவில்லை. லொறியை ஓரங்கட்டி, முழுச் சாமானையும் இறக்கிக் காட்டி ஏற்ற வேண்டி வந்தது. அதற்குப் பிறகு பாரம் உள்ள லொறியை அவர் நிறுத்தியதே இல்லை. சாப்பிட்டாலும் ஓடும், தொழுதாலும் ஓடும்.

ஆனாலும் ஹயர் முக்கியம். புதுப் பற்றரி போட்டார், கொட்டிலில் எஞ்சினை நிறுத்தினார், மேட்டில் மிதித்து ஏறுவதைக் குறைத்தார். மாதம் முடிந்தது. மறுபடியும் சிவப்பு.

"பிள்ளை, இது மனுசரை விசராக்கிற வேலை" என்று கொட்டிலுக்கு வந்து நின்றார். யதுர்ஷிகா மடிக்கணினியைத் திறந்து அவருடைய பயணக் கோட்டைக் காட்டினாள். கட்டுநாயக்க வாசலில் பெரிய சிவப்புப் புள்ளி.

"உள்ள விடுற மட்டும் வரிசையில அரக்கி அரக்கிப் போறம். அது ஆற்ற புகை? என்ரயா, கேற்றைத் திறக்காதவன்ரயா?"

"நீங்க சொல்றது சரிதான். எழுதிக் கேட்டனான். வாசல் நேரத்தைக் கழிக்க ஏலாதாம்."

"சரி. இந்த நீளக் கோடு?"

"அது நீங்க வெறும் லொறியாத் திரும்பி வாற தூரம். பாரமில்லாம எரிஞ்ச டீசல் எண்டு எழுதுது."

மீராசாகிபு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "வாறபோது சீமெந்து ஏத்தட்டோ எண்டு கேட்டதுக்கு, பழ லொறியில வேற சாமான் ஏத்தினா ஹயர் இல்லை எண்டதும் இதே கொம்பனிதானே?"

"ஓம்."

"வெறுமனே வா எண்டு சொல்றதும் அவையள். வெறுமனே வந்தாய் எண்டு சிவப்புப் போடுறதும் அவையள்."

"நான் மேல சொல்லியிருக்கிறன் நானா. மூண்டு தரம் சொல்லிட்டன்." பிறகு இன்னொரு புள்ளியைத் தொட்டாள். "அதுகளை விடுங்கோ. புத்தளத்தில, தில்லையடியில, ஒவ்வொரு பயணமும் லொறி ஓடிக்கொண்டே நிக்குது. இது உங்கட கையில உள்ளதுதானே? இதை மட்டும் நிப்பாட்டினா மஞ்சளாவது வரும்."

மீராசாகிபு அந்தப் புள்ளியைப் பார்த்தார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு லொறிப் பக்கம் நடந்தார்.

அது அர்ஷாக்கின் வீட்டுப் படலை வாசல். கட்டுநாயக்கவுக்குப் போகும் வழி. ஜொஹறா பேரப்பிள்ளைகளுக்குத் தயிரும் கருவாடும் கட்டிக் கொடுத்துவிடுவதால் நிற்காமல் போகவும் முடியாது. படலையில் லொறியை விட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி உள்ளே போவார். மருமகள் ஸாஜிதா சோறு போடுவாள். அர்ஷாக் வழமையான கதையைத் தொடங்குவான்: லொறியை விற்றுவிட்டு வாங்க, உம்மாவும் தனியாக, உங்களுக்கும் வயது போகுது. வெளியே எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். "லொறி நிக்குது மகன்" என்று கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிடுவார். எஞ்சின் ஓடினால் கதை நீளாது. ஓடுகிற லொறியின் சாவி இன்னொருவர் கைக்கு வராது. ஒழுங்கை முழுவதற்கும் அந்தச் சத்தத்தின் பொருள் தெரியும்: மீராசாகிபு வந்திருக்கிறார், இப்போதே போய்விடுவார்.

மூன்றாவது மாதத்தின் கடைசிப் பயணத்தில் பெட்டி சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் தவித்துக்கொண்டிருந்தது. தில்லையடிப் படலையில் லொறியை விட்டு, "யா அல்லாஹ்" என்று சாவியைத் திருப்பினார்.

ஒழுங்கை அமைதியாயிற்று. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டுப் பெண் மதிலால் எட்டிப் பார்த்து, "ஸாஜிதா, மாமா நிப்பாட்டிட்டார்" என்றாள். அர்ஷாக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே மீராசாகிபுவுக்கு விளங்கிவிட்டது.

"வாப்பா, முடிவெடுத்துட்டீங்க."

"என்ன முடிவு? புகைக்கு நிப்பாட்டினனான்."

"புகைக்கா?"

"லொறி சும்மா நிண்டு எரிஞ்சா பூமி சூடாகுதாம்."

அர்ஷாக் மனைவியைப் பார்த்தான். ஸாஜிதா சிரிப்பை முந்தானையால் மூடினாள். முப்பது வருடமாகக் கறுப்புப் புகை கக்கியபடி ஓடிய மனிதர் பூமிக்காக எஞ்சினை நிறுத்தினார் என்றால் யார்தான் நம்புவார்கள்? வெட்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அவர் சோற்றில் கை வைப்பதற்குள் பழைய வாகனம் வாங்கி விற்கும் சிறாஜ் வந்துவிட்டான். கூப்பிட்டது அர்ஷாக். சோறு தின்றுகொண்டிருந்த மீராசாகிபுவுக்கு, தன் லொறியின் வாயைத் திறந்து யாரோ பல் எண்ணுகிற சத்தம் கேட்டது.

"டேய், ஆரடா அது?"

"பாக்கத்தான் வாப்பா. பாத்தா என்ன, தேஞ்சிருமா?"

எழுந்து போய்ப் பார்த்தால் சிறாஜ் ரயரைத் தட்டிக்கொண்டிருந்தான். லொறியில் விட்டுவந்த சாவியைக் காணவில்லை. அது அர்ஷாக்கின் சட்டைப் பையில் இருந்தது.

"தா மகன். பழம் கிடக்கு."

"அசர் தொழுதுட்டுக் கதைப்பம். ஒரு நாளாவது என்னோட இருந்து கதைங்க. எத்தின வருசம் வாப்பா, நான் கதைக்கிறதும் அந்த எஞ்சின் கதைக்கிறதுமாவே போச்சு."

அந்த வார்த்தைக்கு மீராசாகிபு உட்கார்ந்தார். கதிரை முற்றத்தில் கிடந்தது. வெயில் கொளுத்தியது. லொறியை மூடிய தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே பப்பாசி, காற்றில்லாமல்.

"அங்க உங்களுக்கு என்ன ஈக்கி?" அர்ஷாக் கேட்டான். "காணி உங்கட பேரில ஈக்கிதானே. அது அங்கயே ஈக்கட்டும். ஆள் ஏன் ஈக்கணும்?"

"ஆள் இல்லாத காணிக்கு என்ன நடக்கும் எண்டு நான் திரும்பி வந்து பாத்தனான். என்ர கிணத்துக்குள்ள ஆலமரம் முளைச்சு நிண்டது. நான் செத்தா நீ விடு. நான் இருக்கிற மட்டும் அந்த முத்தத்தை ஆராவது கூட்ட வேணும்."

"உம்மா விழுந்தா ஆர் தூக்குற?"

மீராசாகிபு லொறிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிறாஜ் பொருத்தமில்லாத இடத்தில் நிற்பதை உணர்ந்து மெல்ல நழுவினான். அசர் முடிந்த பிறகுதான் அர்ஷாக் சாவியைக் கொடுத்தான்; கொடுக்கும்போது தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டுநாயக்கவில் அவருடைய முறை போய்விட்டது. வரிசையின் வாலில் நின்று, சொன்னபடியே எஞ்சினை நிறுத்தி, லொறிகளைத் தள்ளி விடுகிற காவலாளியிடமும் ஏச்சு வாங்கி, உள்ளே போனார். தரம் பார்ப்பவர்கள் படங்கைத் தூக்கியதும் மூக்கைப் பொத்தினார்கள். அடியில் கிடந்த பழம் கனிந்து கறுத்துக் கசிந்திருந்தது. பாதிக்கு மேல் கழித்துக் கொட்டினார்கள்.

அந்த நேரம் பெட்டியில், அந்தப் பயணத்துக்கு மட்டும், பச்சை எரிந்தது.

"பச்சை" என்றார் மீராசாகிபு, தொலைபேசியில் யதுர்ஷிகாவிடம். "பிள்ளை, உன்ர பெட்டி பச்சை காட்டுது. பழம் பாதிக்கு மேல குப்பையில."

"குப்பையில அழுகிற பழமும் வாயுதான் நானா விடும். அதுவும் பூமியைச் சூடாக்கும்."

"அதைப் பெட்டி எண்ணாதோ?"

"எண்ணாது."

மாதம் முழுவதற்குமாக மஞ்சள் வந்தது. பெட்டியின் சட்டப்படி மீராசாகிபு தப்பிவிட்டார். தோட்டக்காரர்களிடம் தப்பவில்லை. அப்புத்துரை கொட்டிலில் வைத்து முகத்துக்கு நேரே சொன்னார்: "நானா, உங்களில கோவமில்லை. ஆனா ஒரு லொறிப் பழத்தை மகன்ர வீட்டு முத்தத்தில அவிச்சுப் போட்டியள். இனி எங்களால ஏலாது." பிழை தன்னுடையது என்று மீராசாகிபுவுக்கும் தெரியும். தோட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி கொம்பனி நீர்கொழும்பிலிருந்து புதிய குளிர்லொறி ஒன்றை அனுப்பியது. அது ஒவ்வொரு முறையும் வெறுமையாகப் புளியங்குளம்வரை ஏறி வந்து, பழத்தோடு இறங்குகிறது. அதன் பெட்டியில் எப்போதும் பச்சை. வெறுமையாக வரும் அந்தத் தூரத்தைக் கணக்கில் சேருங்கள் என்று யதுர்ஷிகா நான்காவது தரமும் எழுதினாள். பதில் வரவில்லை. அவள் வேலையை விடவில்லை. ஐந்தாவது தரமும் எழுதப்போவதாகச் சொல்கிறாள்.

ஹயர் போன செய்தி கேட்டு அர்ஷாக் பஸ் ஏறி நீராவிப்பிட்டிக்கு வந்தான், தாயையும் தகப்பனையும் கையோடு கூட்டிப்போக. வந்தவன், தகப்பன் முற்றம் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் நின்றான். தாய்க்குக் கிணற்றடியில் பிடித்து நடக்க ஒரு கைப்பிடிச் சுவர் கட்டினான். தனியாகத்தான் திரும்பினான்.

மீராசாகிபு இப்போது நீராவிப்பிட்டியில் ஜொஹறாவோடு இருக்கிறார். முல்லைத்தீவிலிருந்து தம்புள்ளைக்குப் பூசணியும் கச்சான் கடலையும் ஏற்றுகிறார். வரும்போது வெங்காயமும் உருளைக்கிழங்கும் நிறைத்துக்கொண்டு வருகிறார். லொறி முன்புபோலவே புகைக்கிறது; வெறுமையாக மட்டும் ஓடுவதில்லை.