அமுதா திறந்து வைத்த வாசல்

மகள் லேப்டாப்பில் கோட்டை கட்டிப் படையெடுக்கும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். விடாமல் கேட்ட மவுஸ் சத்தம் என்னைத் திருவொற்றியூரின் பழைய பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோனது. சூடேறிய கம்ப்யூட்டர் வாசனையோடு ஜன்னல் வழியே கருவாட்டு வாசனையும் வரும். கடைக்கார நைனா பின்னால் நின்று, யார் தோற்றாலும் உச்சுக் கொட்டுவார்.

நானும் என் வகுப்புத் தோழி அமுதாவும் எப்போதும் ஒரே அணி. ஒருநாள் எதிரிகளை ஜெயித்ததும், தனியாக ஜெயிக்கும் ஆசையில் கூட்டணியை முறித்து அவள் கோட்டையையும் பிடித்துவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ என் திரையை உற்றுப் பார்த்தாள்.

"எப்டிடி உள்ள வந்த? மதிலு நல்லாத்தான கீது?"

"கூட்டாளின்னு எனக்கு வாசல தொறந்து வெச்சிருந்தியே."

"அட, ஆமால்ல!" என்று சிரித்தாள். "சரி, இன்னொரு ஆட்டம் போடலாமா?"

அடுத்த ஆட்டத்திலும் ஒரே அணிதான். எதிரிகள் தோற்ற பிறகு பார்த்தேன், அவள் வாசல் மறுபடியும் எனக்காகத் திறந்தே இருந்தது. மறதியா, வேண்டுமென்றேவா என்று தெரியவில்லை. இந்த முறை என் படை உள்ளே போகவில்லை.

மகளிடம், "இதுல உன் கூட்டாளி யாரு?" என்று கேட்டேன்.

"யாரோம்மா, தெரியாது," என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.