காற்றுவண்டி அந்தோணிதாஸ்

சின்னசேலம் பக்கம் 'காத்து வண்டி டிரைவர்' என்று கேட்டால் அந்தோணிதாஸ் வீட்டைக் காட்டுவார்கள். கரும்பு லாரியில் தொடங்கி, ஓர் எத்தனால் ஆலையின் டேங்கருக்கு வந்து சேர்ந்தவர். கரும்புப்பாகு புளிக்கும் தொட்டிகளில் கிளம்பும் கரியமில வாயுவை வானத்துக்கு விடாமல் பிடித்து, திரவமாக்கி, சிமென்ட் கற்களுக்குள் பூட்டிவைக்க அனுப்பினார்கள். பூமியின் சூடு குறையுமாம். போகவர அவர் விட்ட டீசல் புகை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

"வழியில கசிஞ்சா உங்க வேலையும் கசிஞ்சிடும்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடேறியிருந்த வருடம். தண்டவாள மேட்டை ஒட்டிய பள்ளச் சாலையில் மறியல். நடுரோட்டில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினார்கள். சிக்கிய டேங்கருக்கு அடியில் நிழல் பார்த்துத் துண்டு விரித்துப் படுத்தார்கள்.

அந்தோணிதாஸ் அழுத்தமானியைப் பார்த்தார். பழைய டேங்கர், வெயில் தாங்கவில்லை. முள் சிவப்பைத் தாண்டினால் வால்வு தானே திறந்துகொள்ளும். காற்றைவிடக் கனத்த வாயு பள்ளத்தில்தான் தேங்கும். ஆலைக் குழிக்குள் இறங்கிய நாய், வாலாட்டியபடியே சாய்ந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

"எழுந்துருங்கப்பா! கேஸ் வரப்போவுது, மூச்சு முட்டிப் பூடுவீங்க!"

மறியலுக்குத் தலைமை தாங்கிய இளஞ்செழியன், வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "இன்னா டிரைவரே, போலீசு குடுத்த வசனமா? நல்லாத்தான் நடிக்கிற."

"சத்தியமா தம்பி! முள்ளு ஏறிக்கினே போவுது பாரு."

"எங்க கோபமும்தான் ஏறிக்கினே போவுது. எவன் பாத்தான்?"

கைதட்டல். ஒருவரும் அசையவில்லை. முள் சிவப்பைத் தொட்டது.

அந்தோணிதாஸ் ரோட்டோரம் நட்டிருந்த கொடியைப் பிடுங்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். "ரோட்ட மறிச்சா எவன் பாப்பான்? ரயில மறிப்போம், வாங்கடா!"

வெளியாள் முந்துவதா? இளஞ்செழியன் எழுந்து ஓடினான். கூட்டமும் பின்னால் ஓடியது. கடைசி ஆள் மேடேறியதும் வால்வு வீறிட்டது. பள்ளமெங்கும் வெண்மூட்டம். கொழுந்துவிட்டு எரிந்த அடுப்பு, யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல் அணைந்தது.

"யண்ணே..." இளஞ்செழியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

கசிந்ததற்காக ஆலை வேலையைப் பறித்தது. ரயில் மறியலுக்குத் தலைமை தாங்கியதாக வழக்கும் விழுந்தது: முதல் குற்றவாளி அந்தோணிதாஸ், இரண்டாவது இளஞ்செழியன். தலைவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். வாய்தாவுக்கு வாய்தா இருவரும் ஒரே பைக்கில் கள்ளக்குறிச்சி போய்வருகிறார்கள்.

"மெதுவா முறுக்குடா," என்பார் பின்னால் இருந்து அந்தோணிதாஸ். "புகை ஜாஸ்தியா வருது."