இன்னொரு ரோசியோ வேண்டாம்

அல்மோந்தே ஊரின் எலாதியோவால் அன்று காலையில் உட்கார முடியவில்லை. காபியை ஊற்றினான், குடிக்காமல் வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான். மகள் பெயரைப் பதிய அன்றுதான் கடைசி நாள். இரண்டு மணிக்கு அலுவலகத்தைச் சாத்திவிடுவார்கள். மனைவியிடம் மறைத்த ஒன்று நெஞ்சுக்குள் கிடந்து உறுத்தியது.

குழந்தை ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. நான்காம் நாள் மூச்சு தடுமாறியபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மாதாவிடம் நேர்ந்துகொண்டான்: பிழைத்தால் உன் பெயர்தான், ரோசியோ.

பனித்துளி என்று பொருள். ஊரே கும்பிடும் மாதாவின் பெயர் அதுவென்பதால் வீட்டுக்கு ஒரு ரோசியோ உண்டு. எலாதியோவின் மனைவியும் ரோசியோதான், அவள் அம்மாவும் ரோசியோதான். பள்ளியில் ஒரே வகுப்பில் நான்கு பேர் இருந்ததால் இவள் நான்காம் ரோசியோ ஆனாள். சந்தையில் யாராவது கூப்பிட்டால் ஒன்பது பேர் திரும்புவார்கள். எனக்கொரு மகள் பிறந்தால் இந்தப் பெயர் கிடையாது என்று பதினைந்து வயதிலேயே முடிவுசெய்துவிட்டாள்.

அவள் எடுத்துவைத்த பெயர் ஹாரா. அவர்களுடைய ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்குப் பின்னால் மேட்டில் மண்டிக் கிடக்கும் புதர் அது. வெள்ளைப் பூ, கால்சட்டையில் ஒட்டிக்கொள்ளும் இலை. மேடு தீப்பிடித்து எரிந்த வருஷம் கரியிலிருந்து முதலில் தலைநீட்டியதும் அதுதான். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த குழந்தையை அவள் அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் எலாதியோ நேர்ந்துகொண்டதைச் சொல்லிவிட்டான். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வாக்கு கொடுத்தது நீ. அதுக்குக் குடுக்கிற பொருள் மட்டும் என்னுதா?"

"இரண்டாவது பேராவாவது வைப்போமே."

"வச்சுப் பாரேன். ஒரே வாரத்துல உங்கம்மா முதல் பேரைத் தின்னுடுவாங்க."

அது உண்மைதான். அம்மா ஏற்கெனவே இரண்டு முறை போன் பண்ணி, ரோசியோன்னு எழுதுடா, உன் பொண்டாட்டியை நான் பார்த்துக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

வண்டியை எடுத்தவன் பதிவு அலுவலகத்துக்குப் போகவில்லை, பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாதா கோயிலுக்குப் போனான். தனக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்தான். ஒன்றுதான் இருந்தது. திருவிழாவின் திங்கட்கிழமையன்று மாதாவுக்கு முன்னால் இருக்கும் கம்பியழியைத் தாண்டிக் குதித்து மாதாவின் சப்பரத்தைத் தூக்கும் உரிமை அல்மோந்தே ஆண்களுக்கு மட்டும். பதினெட்டு வயதிலிருந்து ஒரு வருஷமும் அவன் தோள் தப்பியதில்லை. அழிக்கு வெளியே நின்றபடி, என் மகள் பேருக்குப் பதிலா என் தோளை விட்டுத் தர்றேன் என்று சொன்னான். மாதா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மணி ஒன்றே கால்.

அலுவலகத்தில் எழுத்தர் அம்மாள் படிவத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இந்த வருஷம் இது மூணாவது ஹாரா." அதை அவன் வீட்டில் சொல்லவில்லை.

மே மாதத் திருவிழாவில் எலாதியோ, பதினெட்டு வயதுக்குப் பிறகு முதல்முறையாக, பெண்களோடு தெருவோரம் நின்றான். தோழர்கள், பொண்டாட்டி பூட்டி வச்சுட்டாளாடா என்று கேலி செய்துகொண்டே போனார்கள். சப்பரம் ஆடி ஆடி நெருங்க நெருங்க அவன் கால் தரையில் நிற்கவில்லை. மனைவி ரோசியோ அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மாதாவின் அங்கியைத் தொடவைக்கக் குழந்தைகளைக் கூட்டத்தின் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி அனுப்புவார்கள். முன்னால் நின்ற முரட்டு ஆள் ஒருவன் திரும்பிக் கையை நீட்டினான். எலாதியோ குழந்தையை இறுக்கிக்கொண்டான். பேச்சு மாறியவன் பெற்ற பிள்ளையை மாதா தன் அங்கியைத் தொட விடுவாளா?

"குடுப்பா, சப்பரம் போயிடும். பேரு என்ன, ரோசியோவா?"

"ஹாரா."

"ஹாரா வருது, பாத்துப் பிடி," என்று அந்த ஆள் முன்னால் கத்தினான். கைக்குக் கை அந்தப் பெயர் போனது, பின்னாலேயே குழந்தை போனது. சப்பரத்தின் வெள்ளித் தூணுக்கடியில் ஒரு நொடி அவளைக் காணோம். எலாதியோ நுனிக்காலில் எம்பினான். பிறகு மாதாவின் அங்கிப் பக்கமிருந்து வீறிட்ட அழுகை கேட்டது. ஏழாம் மாதத்தில் பிறந்த நெஞ்சிலிருந்து வருகிற சத்தமாக அது இல்லை.