தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு, ஆங்கிலம் கதைக்க

பிள்ளைகளை வெள்ளைக்காரரோடு கதைக்க விட்டால் ஆங்கிலக் கூச்சம் போய்விடும் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். போகும்தான். நானும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். 1995இன் தொடக்கம், சண்டை ஓய்ந்திருந்த சில மாதங்கள். நான் தர்மபுரத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிளிநொச்சியில் ஒரு நிவாரண அலுவலகத்துக்கு வந்திருந்த வெளிநாட்டு மருத்துவர், பத்து மாணவரோடு அரை மணித்தியாலம் கதைக்கச் சம்மதித்திருந்தார்.

காலை ஆறரைக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டோம். பரந்தன் சந்திவரை ஏறக்குறையப் பதினான்கு கிலோமீற்றர், வழி முழுக்கக் குண்டும் குழியும். சந்தியில் தேநீர் மூன்று ரூபாய். சீனி கிடையாது, பனங்கட்டிதான். யோகேஸ்வரி தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் மூத்த பிள்ளை, வயது பதினைந்து. நெற்றியைத் தொட்டேன், சுட்டது.

“காய்ச்சலே பிள்ளை?”

“இல்லை சேர், சைக்கிள் மிதிச்ச சூடு. என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ.”

வகுப்பில் நன்றாகக் கதைப்பவள் அவள்தான். விட்டுவிட்டுப் போக எனக்கும் மனமில்லை.

மீதி ஐந்து கிலோமீற்றர். ஒன்பதுக்கு முன்பே போய்விட்டோம். எப்படியிருக்கிறாய் என்று மருத்துவர் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். “ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ. அண்ட் யூ?” என்றாள். தினமும் வகுப்பு முழுவதையும் ஒரே குரலில் நான் சொல்லவைத்த வசனம். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, சுகமில்லையா என்று மறுபடி கேட்டார். “நோ சேர். ஐ ஆம் ஃபைன்.” வந்த இடத்தில் எங்கள் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சிரித்தேன். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம்.

அவருக்குப் பின்னாலிருந்த அலுமாரியில் மலேரியாக் குளிசை இருந்தது. அரசாங்கம் போட்டிருந்த மருந்துத் தடையால் எங்கள் ஊரில் அது முடிந்து மூன்று கிழமை.

ஐந்தாம் நாள் செத்தவீட்டில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெள்ளைக்காரருகிட்ட நல்லாப் பேசுனாளா சார்?”

“ஓம் அம்மா. ஒரு பிழையும் விடேல்லை.”

அன்று சிரித்துக்கொண்டு நின்ற அந்த வாத்தியாரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது வீதி நல்லது, பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கள், பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ‘எனக்குச் சுகமில்லை’ என்று சொல்ல முதலில் படிப்பியுங்கள். பிழையாகச் சொன்னால் திருத்திக்கொண்டு நிற்காதீர்கள்.