வெயில் படாத பளபளப்பு

வண்டி பாலிஷ் பண்ணுகிற வேலைக்கு இரண்டு விஷயம் வேண்டும்: பொறுமை, வெயில். முதலாவது என்னிடம் கிடையாது, இரண்டாவது எங்கள் மலையூர் நானுஓயாவில் கிடையாது.

ஓ.எல். பரீட்சையில் கணக்குக்கு டபிள்யூ, அதாவது ஃபெயில், வாங்கிக்கொண்டு வீட்டில் குந்தியிருந்தேன். மறுபடி எழுதச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். அப்பா நானுஓயா ஸ்டேஷனில் வாடகைக்கு வேன் ஹயர் ஓடுகிறவர். அவருடைய கருநீல வேனை நானே பாலிஷ் பண்ணுகிறேன், அதையே தொழிலாகவும் செய்கிறேன் என்று போனில் நாலு வீடியோ பார்த்த தைரியத்தில் சொல்லிவிட்டேன். அப்பா யோசித்து ஒரு முடிவு சொன்னார். தை மாசம் மாத்தளையில் அத்தை மகள் கல்யாணம். பொண்ணு எங்கள் வேனில்தான் கோயிலுக்குப் போகிறாள். வேன் கல்யாண வேன் மாதிரி இருந்தால் நான் வீட்டிலிருந்தே இந்த வேலையைப் பார்க்கலாம். இல்லையென்றால் கல்யாணத்துக்கு வரும் பெரியப்பாவோடு அங்கிருந்தே கொழும்புக்குப் போய், அவருடைய புடவைக்கடையில் துணி மடிக்க வேண்டும்.

வாளியும் துணியுமாக முதல் தடவை வண்டிக்கு முன்னால் நிற்கிறவர்களே, நான் பட்டதைக் கேளுங்கள்.

இரண்டு டப்பா

டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற பாரூக் நானா இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். ஒன்று கம்பவுண்ட், பெயின்டில் இருக்கிற கீறலை எடுக்கும். மற்றது மெழுகு, எடுத்த பிறகு பெயின்டைக் காக்கும். முதலில் கம்பவுண்ட், ஒவ்வொரு சாண் இடமாக, கை நோகத் தேய்க்க வேண்டும் என்றார். ஒரு வேனில் எத்தனை சாண் இருக்கும் என்று அங்கேயே நின்று மனசுக்குள் கணக்குப் பார்த்தேன். எனக்குத்தான் கணக்கு வராதே, ஆனாலும் பயம் வந்துவிட்டது.

"ஒரே நாளில் முடிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையா நானா?" என்று கேட்டேன். அவர் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அவசரக்காரங்களுக்கு எண்டு இன்னும் ஒருத்தனும் டப்பா செய்யல்ல, தங்கச்சி."

பீலிக்கரையில்

வேனைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, துணி துவைக்கிற சவர்க்காரத் தூளைக் கரைத்துக் கழுவினேன். துணி இரண்டு தடவை கீழே விழுந்தது. எடுத்து உதறிவிட்டு அதே துணியால் தேய்த்தேன். தேயிலைத் தோட்டத்து ரோட்டு மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். உதறினால் போகிற மண்ணா அது? வேறு துணி எடுக்க மேலே லயத்து வரிசையில் இருக்கிற வீட்டுக்கு ஏறிப் போக வேண்டும். போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சோம்பல்தான்.

பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த செல்வி அக்கா, நான் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்டி, வேனைக் குளிப்பாட்டுறியா, கரிச்சட்டி வெளக்குறியா?"

பிசின்

அப்பா எப்போதும் யூக்கலிப்டஸ் மரத்துக்குக் கீழேதான் வேனை நிறுத்துவார். கூரை முழுக்கப் பிசின் பொட்டு. நகத்தால் சுரண்டினேன், நகம்தான் போனது. கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மா கூடையை இறக்கி வைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு பொட்டிலும் வைத்தார். பிறகு அவசரமில்லாமல் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தார். குடித்து முடித்து ஒரு துணியால் வழித்தார். பிசின் அப்படியே வந்துவிட்டது.

"இதைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லையே!" என்றேன். அம்மா கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன இரண்டு கையையும் என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

"இருவது வருசமா இது போகல. இதுக்கு ஒரு வீடியோ இருந்தா தேடிக் குடு."

எல்லாம் வெள்ளை

கம்பவுண்ட் டப்பாவைத் திறக்கவேயில்லை. சீலோடு வேன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மெழுகு போட்டாலே மினுங்கும்போது எதற்கு இரண்டு வேலை? மெழுகைப் பூசி, அது காய்ந்து வெள்ளையாகப் படியும் வரைக்கும் காத்திருந்து துடைக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. பூசினேன். அந்த நேரம் பார்த்து மலையை மூடிக்கொண்டு மிஸ்ட் இறங்கியது.

இப்போது வேனும் வெள்ளை, ரோடும் வெள்ளை, எதிர் லயமும் வெள்ளை. மெழுகு காய்ந்த வெள்ளை எது, மிஸ்ட் வெள்ளை எது என்று யார் சொல்வது? தொட்டுப் பார்த்தால் ஈரம். அது மெழுகு ஈரமா, பனி ஈரமா? ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலில் ஏறிக் கூரையை முகர்ந்துகூடப் பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் காத்திருந்து, போனால் போகிறதென்று துடைத்தேன். தண்ணீர் எடுக்க வந்த செல்வி அக்கா நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மிஸ்டுக்கும் சேத்தா பாலிஷ் போடுற?"

நிற்காத விபூதி

ஆனால் துடைத்த பிறகு வேன் மினுங்கியது, பொய் சொல்லவில்லை. பொனட்டில் என் மூஞ்சி தெரிந்தது. லயமே வந்து பார்த்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை புறப்படும்போது அப்பா வழக்கம்போல டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். விபூதியைத் தண்ணீரில் குழைத்துப் பொனட்டில் மூன்று பட்டை இழுத்தார். மூன்றும் முத்து முத்தாகத் திரண்டு கீழே உருண்டுவிட்டன. மறுபடி இழுத்தார், மறுபடி உருண்டன.

அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது, சகுனம் சரியில்லையோ என்று. அப்பாவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"விபூதியே நிக்க மாட்டேங்குது, சேறு எங்க புள்ள நிக்கப் போவுது?"

மாத்தளை வெயில்

மலை இறங்க இறங்க மிஸ்ட் போனது, ஸ்வெட்டரும் போனது. மாத்தளையில் அத்தை வீட்டு வாசலில் வேனை நிறுத்தி இறங்கினோம். நல்ல உச்சி வெயில். நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

வேன் முழுக்கச் சிலந்தி வலை. வட்டம் வட்டமாக, ஆயிரக்கணக்கில் மெல்லிய கீறல். அந்த மண் துணியால் நான் தேய்த்த ஒவ்வொரு தேய்ப்பும் வெயிலில் எழுதி வைத்த மாதிரித் தெரிந்தது. எங்கள் ஊரில் வெயிலே அடிக்காததால் யார் கண்ணிலும் படவில்லை. பந்தல்காரர்கள்கூட ஏணியை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். பெரியப்பா வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அப்பாவிடம் கேட்டார்:

"என்னா தம்பி, பூனையை விட்டா தொடச்ச?"

பாதி பொனட்

அப்பா என்னைப் பார்த்தார். மண் துணி, சோம்பல், திறக்காத டப்பா, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. நேரே உள்ளே போய்விட்டார். பெரியப்பா பின்னாலேயே போய், நாளை மறுநாள் காலை பஸ்ஸுக்கு என்னையும் சேர்த்து எத்தனை பேர் என்று எண்ணுகிற சத்தம் வெளியே கேட்டது.

சீட்டுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தேன். தகரம் கொதித்ததால் அம்மா மூலம் அப்பாவிடம் சொல்லி வேனை மாமரத்து நிழலுக்கு மாற்றி, அத்தையிடம் சுத்தமான பழைய பனியன் நாலு வாங்கி, பாரூக் நானா சொன்ன மாதிரியே ஒவ்வொரு சாணாகத் தேய்த்தேன். ஒரு துணி கீழே விழுந்தது. அதை எடுக்கவேயில்லை. எல்லோரும் பலகாரம் தின்றார்கள், நான் தேய்த்தேன். பொழுது சாயும்போது பொனட்டில் இடது பாதிதான் முடிந்திருந்தது. அதற்கு மட்டும் மெழுகு பூசித் துடைத்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

மறுநாள் காலை வெயிலில் வேன் நின்றது. பொனட்டில் வலது பாதி சிலந்தி வலை, இடது பாதி கண்ணாடி. நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கறுப்புக் கார் வைத்திருக்கிறவர். குனிந்து பொனட்டைப் பார்த்தார். "இந்தப் பக்கத்தை இவ்வளவு நல்லா செஞ்சது யாருங்க? அந்தப் பக்கத்தை நாசமாக்குனது யாருங்க?" என்று கேட்டார். நான் பந்தல்காலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பெரியப்பாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டுமே என் மகதாங்க. மிச்சத்தை முடிக்காம அவ எங்கயும் போக மாட்டா."

அந்த மிச்சத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. முடித்தால் புடவைக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற பயமெல்லாம் ஒன்றுமில்லை, நானுஓயாவில் இன்னும் வெயில் வரவில்லை, அவ்வளவுதான்.