சைலஸ் எழுதி வைத்துவிட்டுத்தான் போவார்

சைலஸைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று பிச்சுமணி கேட்கிறார். பிச்சுமணி என் கணவர். சைலஸ் இல்லாவிட்டால் இன்று இப்படி சோபாவில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்க அவர் இருந்திருக்கவே மாட்டார். அவரே இப்படிக் கேட்டால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

சைலஸ் பெரிய மனிதர் இல்லைதான். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். நாகர்கோவிலில் டிப்ளமோ படித்தவர். மனைவி ஜெஸ்மி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்து க்ரீன் கார்டு வந்ததால் இவரும் கூடவே அமெரிக்கா வந்தார். 1993இல் ஃப்ரீமான்டில் எங்கள் அபார்ட்மென்டுக்கு எதிர் வீட்டுக்குக் குடிவந்தார்கள். சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், விஷவாயு போகும் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் வேலை. எங்கள் வளாகத்தில் மற்ற தமிழர்கள் எல்லாரும் இன்ஜினியர்கள். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக்கொண்டு பாட்லக் என்று கூடினால் ஸ்டாக் ஆப்ஷன் பேச்சுதான். சைலஸ் தட்டை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று, சாப்பிட்டு, நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுப் போவார். "வெறும் டிப்ளமோதானாம்" என்று நானும் ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் மவுண்டன் பைக், மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள். ஊருக்குக் கிழக்கே வரிசையாக மலைகள். குளிர்கால மழையில் இரண்டு மூன்று மாதம் பச்சையாக இருக்கும், மற்ற நாளெல்லாம் காய்ந்த புல். மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளிலும் இதே சீதோஷ்ணம்தான் என்று பார்க் வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அங்கங்கே ஓக் மரம், மேய்கிற மாடுகள், மாடு தாண்டாமலிருக்க இரும்பு கேட்டுகள், நடுவே வளைந்து வளைந்து போகும் மண்பாதை. அதில் மூச்சு வாங்க மிதித்து ஏறி, பல் ஆட ஆட இறங்கி வருவதில் என்ன சுகமோ, எனக்குத் தெரியாது.

1996இல் பிச்சுமணிக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் உடற்பயிற்சி என்றார். சைலஸ் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் பார்த்து வாங்கித் தந்து, டயர் மாற்றி, பிரேக் சரிசெய்து, ஏறத் தெரியாத மனுஷரை ஏற வைத்தார். ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது, தொப்பையும் இறங்கியது. அதற்கே சைலஸுக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கலாம். நான் போடவில்லை. ஹாலில் சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் சேறும் சாணியுமாக ஒரு சைக்கிளை நிறுத்தி வைத்தால் எவளுக்குக் கும்பிடத் தோன்றும்?

சைலஸிடம் ஒரு வழக்கம் உண்டு. மலைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிடுவார். எந்த வாசல், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவார். தொழிற்சாலையில் வாயு அறைக்குள் போகிறவர் வெளியே பலகையில் பெயரும் நேரமும் எழுதாமல் கதவைத் தொடக்கூடாதாம். அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். போதாததற்கு ஜெஸ்மி வேறு வாசலில் நின்று, வளாகம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எங்க போறிய? எத்தன மணிக்கி வருவிய?" என்பாள்.

எனக்குக் காது கூசும். எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கவே மாட்டோம். கேட்டால் போன காரியம் விளங்காது. தப்பித் தவறிக் கேட்டுவிட்டால், அவர் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒருநாள் ஜெஸ்மியிடம் சொன்னேன்: "கிளம்பறச்சே எங்கேன்னு கேக்கப்படாது ஜெஸ்மி. அபசகுனம். கேட்டுட்டா உக்காந்து ஒரு வாய் ஜலம் குடிச்சுட்டுத்தான் கிளம்பணும்." அவள் சிரித்தாள். "கேக்காம இருந்தா எனக்கு உறக்கம் வராதுக்கா" என்றாள்.

1997 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. சைலஸுக்கு அன்று ஷிஃப்ட். பிச்சுமணி தனியாகக் கிளம்பினார். நான் கையில் தோசைத் திருப்பியோடு நின்றேன். எந்த மலை என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "போயிட்டு வந்துடறேன், சாப்பாட்டுக்கு இருப்பேன்" என்றார். காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஏழரைக்குப் போனார்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. அக்டோபர் என்றாலும் அன்று வெயில் சித்திரை மாத வெயில். இரண்டு மணிக்கு எங்கள் பெண் தீக்ஷா, பன்னிரண்டு வயது, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விச் ட்ரெயில், அம்மா?"

"தெரியாதுடி. நான் கேக்கலை."

"யூ டிட்ன்ட் ஆஸ்க் ஹிம்?"

அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்குச் சகுனத்தை எப்படி விளக்குவது? எனக்கே அந்த நிமிஷம் அது விளங்கவில்லை. சைலஸின் பேஜருக்கு அடித்தேன். அரை மணியில் தொழிற்சாலை உடுப்போடு வந்து நின்றார்.

"சார் எங்க போறதா சொன்னாங்கக்கா?"

"சொல்லலை. நான்தான்... கேக்கக் கூடாதுன்னு..." அழுதுவிட்டேன்.

'ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா' என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொல்லவில்லை. முகத்தில்கூடக் காட்டவில்லை. "செரி, அழாதீங்க. போன வாரம் வந்து என்ன பேசினாங்கன்னு ஓர்மை இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்தேன். போன வாரம் ஒரு மேட்டில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறினாராம். இரண்டு நாள் அதையே புலம்பினார். "தள்ளிண்டு போனேன்டி, அசிங்கம்" என்றார்.

"அதாக்கும்" என்றார் சைலஸ். "சார் அதத்தான் ஏறப் போயிருப்பாங்க. எனக்குத் தெரியும் அந்த மேடு."

தீக்ஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சைலஸின் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு, ஜெஸ்மி ஓட்ட, மூவரும் போனோம். மலையடிவாரத்தில் எங்கள் கார் தனியாக வெயிலில் நின்றது. ஜெஸ்மி அங்கிருந்த போனில் பார்க் ரேஞ்சரைக் கூப்பிட்டாள். இன்னொரு பார்க்கில் இருக்கிறார், வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். சைலஸ் காத்திருக்கவில்லை. கேட்டைத் தாண்டிக் குனிந்து மண்ணைப் பார்த்தார். பாதை அங்கே மூன்றாகப் பிரிந்தது.

"பின் டயர் நான் போட்டுக் குடுத்ததாக்கும். அதுக்க கோடு எனக்குத் தெரியும். இடது பக்கம் போயிருக்காங்க."

சைக்கிளில் ஏறப்போனவர் நின்றார். பையிலிருந்து தாளை எடுத்து எழுதி என் கையில் கொடுத்தார். 'இடது பாதை. மேடு தாண்டி ஓடை வரை. 5 மணிக்குத் திரும்புவேன். வராவிட்டால் இதை ரேஞ்சரிடம் காட்டவும்.' அவ்வளவு அவசரத்திலும் தம் வழக்கத்தை விடவில்லை. கேட்டைச் சாத்திச் சங்கிலியை மாட்டிவிட்டுப் போனார்.

நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெருமாளையும் வேண்டினேன், ஜெஸ்மி சொன்ன மாதாவையும் வேண்டினேன். ஆனால் நிஜமாக என்னை நிற்க வைத்தது அந்த '5 மணி'தான். அது வரைக்கும் பொறுத்தால் போதும் என்று இருந்தது. ரேஞ்சர் லாரி சொன்னதைவிடத் தாமதமாக, ஐந்தை நெருங்கும்போதுதான் வந்து சேர்ந்தது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மேட்டில் புழுதி தெரிந்தது. மேலே சட்டை இல்லாமல் சைலஸ் வந்தார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லக்கா. கால் ஒடிஞ்சிருக்கு. பேசுறாங்க. உங்களத்தான் கேட்டாங்க."

அந்த மேட்டைப் பிச்சுமணி ஏறியேவிட்டார். இறங்கும்போது ஓடைப் பக்கம் உருண்டுவிட்டார். இரண்டு பாட்டில் தண்ணீரும் பத்து மணிக்கே தீர்ந்துபோய், ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு ஓக் மர நிழல் வரை ஊர்ந்திருக்கிறார். சைலஸ் தம் சட்டையால் காலைக் கட்டி, வாய் வாயாகத் தண்ணீர் புகட்டிவிட்டு வந்திருக்கிறார். ரேஞ்சர் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும், இரவு தாண்டியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மறுவாரம் அக்காரவடிசல் செய்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். கையெடுத்துக் கும்பிட்டேன். மனிதர் பதறி எழுந்துவிட்டார்.

"அய்யோ, என்னக்கா இது! ஒண்ணு மட்டும் செய்யுங்க. இனிமே கேளுங்க."

"சகுனம்..." என்று இழுத்தேன். புத்தி வந்தாலும் பழக்கம் போகவில்லை.

"கேட்டா உக்காந்து வெள்ளம் குடிச்சிட்டுப் போணும்னு ஜெஸ்மிகிட்ட நீங்கதான சொன்னிய? மலை ஏறப் போற ஆளுக்கு அதும் நல்லதுதான?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் கிளம்பினாலும் நான் கேட்பேன், அவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். குப்பை போடப் போனாலும் கேட்கிறாய் என்று பிச்சுமணி சிணுங்குவார். சிணுங்கட்டும்.

2001 ஜூனில் சைலஸின் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். டெக்சஸில், ஆஸ்டினில், அவருக்கு வேறு வேலை கிடைத்தது. வழியனுப்ப வளாகமே காலையில் வாசலில் கூடியது. ஸ்டாக் ஆப்ஷன்காரர்களும் வந்து கை குலுக்கினார்கள். கார் பின்னால் சைக்கிள்களைக் கட்டியாகிவிட்டது. ஜெஸ்மி என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு ஏறினாள். சைலஸ் சாவியைத் திருப்பினார்.

நான் அத்தனை பேர் முன்னாலும் கத்திக் கேட்டேன்: "சைலஸ்! எங்கே போறேள்? எந்த வழியா? எப்போ போய்ச் சேருவேள்?"

என்னைப் போலவே சகுனம் பார்க்கிற மேல் வீட்டு விசாலாக்ஷி மாமி முகத்தைச் சுளித்தார். சைலஸ் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். "வெள்ளம் தாங்கக்கா" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். முழு டம்ளரையும் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துத் தந்தார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். முதல் நாள் ஃபீனிக்ஸ், இரண்டாம் நாள் எல் பாசோ, மூன்றாம் நாள் மாலை, ஃப்ரீமான்ட் நேரப்படி ஏழு மணிக்கு, ஆஸ்டின். தங்கும் இடங்களின் போன் நம்பர்கள். அடியில், 'சேர்ந்ததும் அக்காவுக்குப் போன்.'

மலையடிவாரத்தில் தந்ததும் இதுவுமாக இரண்டு தாள்களும் எங்கள் ஃப்ரிட்ஜில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மூன்றாம் நாள் ஆறரைக்கே நான் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிச்சுமணியும் காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏழு மணிக்குப் போன் அடித்தது.